கள்ளத்தோணிக்குப் பூக்கேட்ட ஊர்

1940 ஏப்ரல் 11, எருமப்பட்டி

கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி ஆள் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டு மாதங்கள் ஓடிவிட்டன. ஆள் போவது நிற்கவில்லை. கப்பலில் போனவன் கள்ளத்தோணியில் போகிறான், அவ்வளவுதான். தோணி கிளம்புவது தொண்டிக் கரையில். அதில் ஏறுகிற ஆள் கிளம்புவது இந்தக் கரட்டுக்காட்டில். ஆகவே கடலையே பார்த்திராத என்னை எமிகிரேஷன் இன்ஸ்பெக்டர் என்று இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். அடையாளம் தெரிய வேண்டுமே என்று துரை தோணிப் படம் வேறு கொடுத்தனுப்பினார். எருமப்பட்டிக் கிணற்றில் தோணி மிதந்தால் நிச்சயம் பிடித்துவிடுவேன்.

ஏப்ரல் 15

மஞ்சள் துணி கட்டிய கும்பல் ஒன்றை மோட்டாரிலிருந்து இறக்கினேன். சமயபுரம் தேருக்கு என்றார்கள். யாரிடம் கதை விடுகிறீர்கள் என்று அதட்டினேன். நிஜமாகவே சமயபுரத்துக்குத்தான் போனார்களாம். அந்த ரகளையில் நிஜமாகவே தோணி ஏறப் போகிறவர்கள் அடுத்த மோட்டாரில் ஜம்மென்று போய்விட்டார்கள்.

ஏப்ரல் 19

பிடித்துவிட்டேன் சூட்சுமத்தை!

கங்காணி சண்முகவேல்தான் இங்கே ஆள் சேர்ப்பவன். அவன் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும், அம்மன் கோயிலில் பூக்கேட்காமல் இந்த ஜனங்கள் ஊர் எல்லை தாண்டுவதில்லை. ஒரு பொட்டணத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பயணம். சிவப்பு வந்தால் கங்காணி தலைகீழாக நின்றாலும் நகரமாட்டார்கள். இதுகளுக்கு ஓட்டுரிமை வேறு வேண்டுமாம்.

பூசாரி வீரனைக் கூப்பிட்டேன். இனிப் பயணத்துக்கு யார் கேட்டாலும் இரண்டு பொட்டணத்திலும் சிவப்பு என்றேன்.

"சாமி குத்தமாயிருமுங்க எசமான்."

"கங்காணிக்கு உடந்தை என்று உள்ளே தள்ளினால் அது சர்க்கார் குற்றம். எது வேண்டும்?"

சிவப்பு வேண்டும் என்றான்.

ஏப்ரல் 27

ஒருவரும் கிளம்பவில்லை. துரை பாராட்டினார். என் வழிமுறை என்ன என்று கேட்டார். தீவிர விசாரணை என்றேன்.

ஆராயி என்றொருத்தி மட்டும் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சிவப்பு. புருஷன் கண்டித் தோட்டத்தில் நோயில் கிடக்கிறானாம். ஊருக்கு வந்தவள் தடையால் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள். "சாமிக்கு என்மேல என்ன கோவமுன்னே தெரியலீங்க" என்று என்னிடமே அழுதாள். சாமிக்குக் கோபமில்லை அம்மா, சாமி சர்க்கார் சம்பளம் வாங்குகிறது.

மே 2

என் மனைவி ராமாத்தாளுக்கு வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இங்கே வைத்துக்கொண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் — ராமாத்தாள் பூக்கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு.

"சாமி வேண்டாங்குது. நான் வர மாட்டனுங்க."

வீரா, முட்டாப்பயலே! எம் பொண்டாட்டிக்குமாடா?

யார் கேட்டாலும் என்று சொன்னவன் யார்? நான்தான்.

மே 3

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும். வேலை போகும். போகட்டும். ஆனால் நம்புவாளா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகப் பொய் சொல்கிறேன் என்பாள்.

வீரனிடம் போனேன். ராமாத்தாள் அமாவாசையன்று மறுபடி கேட்கிறேன் என்று சொல்லிப் போனாளாம். அன்று இவளுக்கு மட்டும் இரண்டும் வெள்ளை என்றேன். பயத்தில் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினான்.

மே 7, அமாவாசை

ராமாத்தாளுக்கு வெள்ளை. அவளுக்கு அடுத்து நின்ற ஆராயிக்கும் வெள்ளை! கூட்டத்துக்கு நடுவில் பொட்டணத்தை மாற்ற வீரனுக்குக் கை வரவில்லையாம். ராமாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கு" என்று சிரிக்கிறாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மே 8

நாமக்கல் வரை எல்லோரும் ஒரே மோட்டார். ஆராயியும் அவளுக்குப் பின்னால் நின்று வெள்ளை எடுத்தவர்களும் திருச்சிக்குப் போகிற மோட்டாரில் ஏறினார்கள். சண்முகவேல் எனக்கு ஒரு கும்பிடு போட்டான், திருட்டுப்பயல். தந்தி ஆபீஸ் எதிரிலேயே இருந்தது. தந்தி கொடுத்தால் ஆராயியைத் திருப்பிவிடுவார்கள். வெள்ளைப்பூ பொய்த்தது என்று காதில் விழுந்தால் ராமாத்தாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு இறங்கி வந்துவிடுவாள். ஆராயியின் மூட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மே 16, சேலம்

பெண் குழந்தை. கீறித்தான் எடுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். தனியாகப் போய் அழுதேன்.

ராமாத்தாள் கண் விழித்ததும், "ஆராயி போய்ச் சேந்துட்டாளாங்க?" என்றாள்.

காலையில்தான் தகவல் வந்திருந்தது. அக்கரை தெரிகிற தூரத்தில் ரோந்துப் படகு தோணியை மறித்துப் பிடித்துவிட்டது. கங்காணி தோணியில் ஏறவே இல்லையாம். ஏறுவானா அவன்?

"சேர்ந்துவிட்டாள்" என்றேன்.

ஜூன் 6, அமாவாசை, எருமப்பட்டி

ராமாத்தாளும் குழந்தையும் இன்னும் சேலத்தில், அவள் அக்காள் வீட்டில். நான் கோயிலுக்குப் போனேன். திருப்பி அனுப்பப்பட்ட ஆராயி அங்கே நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அந்தப் பூவெல்லாம் நான் போடச் சொன்னது, அம்மா. சிவப்பும் நான்தான், வெள்ளையும் நான்தான்" என்றேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"உங்களச் சொல்ல வெச்சது ஆருங்க? அதும் சாமிதானுங்க" என்றாள். "அவரு இன்னும் உசுரோட இருக்காராமுங்க. மறுக்கா கேட்டுப் பாக்கறேன்."

வீரன் கூடையோடு என் முகத்தைப் பார்த்தான். எந்தப் பூ என்று கேட்கிற பார்வை.

"ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை" என்றேன்.

அவள் கண்ணை மூடிக் குனிந்தாள். சர்க்கார் இன்ஸ்பெக்டரான நான், வெள்ளை வர வேண்டும் என்று கைகூப்பி நின்றேன்.