ஸ்டீமா போத்தலா, மச்சான்?

மச்சான், ஈரச் சீலையில சூட்டு அயன வெச்ச உடனே ஒரு மணம் வருமே, அது இன்னும் என்ட கையில கிடக்கு. சவுக்காரம் போட்டுக் கழுவிப் பாத்துட்டன், போகல்ல. உன்ட மகள் துண்டெல்லாத்தையும் கட்டிக்கிட்டு இப்பதான் ஓட்டோவில போகுது. நான் செஞ்சது சரியா பிழையா எண்டு மண்டை குழம்பிப் போய் இரிக்கன். அதான் உனக்கு எழுதுறன். நீ மௌத்தாகி மண்ணுக்குள்ள போன ஆளெண்டாலும் வேற ஆருகிட்டக் கேக்கிற?

முந்தநாள் அந்தப் புள்ள காத்தான்குடியில இருந்து இந்த வெயிலுக்குள்ள, வயித்துல புள்ளையோட என்னத் தேடிச் செட்டிபாளையம் வந்திச்சு. பையத் திறந்தா, பிறக்கப் போற உன்ட பேரப்புள்ளைக்கு நீ வெட்டி வெச்ச ஒட்டுப் போர்வைத் துண்டு. சட்டை தைச்சு மிஞ்சினது, இடுப்புல கட்டுற கைத்தறிச் சாரத்துல மிஞ்சினது, எல்லாம் சதுரம் சதுரமா. வெட்டி வெச்சிட்டுத் தைக்காமப் போயிட்டாய். எப்பவும் பாதி வேலைதானே உனக்கு.

"தைக்கிறத நான் பாத்துக்குவன் மாமா. நீங்க அயன் மட்டும் பண்ணித் தாங்க. வாப்பா வெட்டினது இவ்வளவுதான். பழுதாப் போனா வேற இல்ல" எண்டிச்சு. மறுகா ரெண்டு சாமான எடுத்து வெச்சிச்சு. ஒண்டு உன்ட மருமகன் கட்டார்ல இருந்து அனுப்பின ஸ்டீம் அயன். மத்தது உன்ட தையல் கடையில கிடந்த தண்ணி விசிறுற போத்தல். "எது நல்லம் மாமா?"

"ரெண்டும் நமக்குப் பழக்கந்தான் புள்ள" எண்டு நெஞ்ச நிமித்திச் சொல்லிப்போட்டன்.

பழக்கமா? உன்ட கடையில அவ்வளவு காலம் அயன் புடிச்சன், ஒரு நாளாவது இதுதான் சரி எண்டு நீ சொன்னியா? போத்தல எடுத்தா, "என்னகா, சீலைக்குக் குளிக்க வாக்கிறியா? சுருங்கினா உன்ட தோல வெட்டியா ஒட்டுற?" எண்டாய். சரியெண்டு ஸ்டீம் விட்டா, "புட்டு அவிக்கிறியா மச்சான்? துண்டு இழுபட்டுக் கோணிப் போச்சு பார்" எண்டாய். ரெண்டும் வேணாமெண்டு காஞ்ச சீலையில அயன வெச்சன். அதுக்கும், "மடிப்பு அப்படியே கிடக்கு, கண்ணு தெரியல்லையா?"

"உன்ட மொட்டையக் கொண்டா, அத அயன் பண்ணுறன். சுருக்கம் இல்லாத சாமான் இந்தக் கடையில அது ஒண்டுதான்" எண்டன். நீ சிரிச்ச சிரிப்புல வாயில வெச்சிருந்த ஊசி கீழ விழுந்திச்சு. மறுகா ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டம். எது சரி எண்டு நானும் கேக்கல்ல, நீயும் சொல்லல்ல.

அதுதான் இப்ப கரைச்சல். நீ சொன்னதுல எது தொழில், எது பகிடி? ரெண்டையும் ஒரே மூஞ்ச வெச்சுக்கிட்டுத்தானே சொன்ன.

முதல்ல ஒரு நீலத் துண்ட எடுத்துத் தண்ணி விசிறி, அயன இழுக்காம வெச்சு வெச்சு எடுத்தன். மடிப்புப் போயிட்டு. ஆனா மத்தத் துண்டுக்கு மேல வெச்சுப் பாத்தா ஒரு பக்கம் கட்டையா நிக்கிது. சுருங்கிட்டா? இல்லாட்டி நீ வெட்டினதே அப்படியா? அடுத்ததுக்கு ஸ்டீம் விட்டன். அது மற்றப் பக்கம் கொஞ்சம் நீண்ட மாதிரிக் கிடந்திச்சு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாத்தன், நீளல்ல. கண்ணாடியில்லாமப் பாத்தன், நீண்டிரிக்கி. சிவப்புச் சாரத்துண்டுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதுக்கு அடியில விரிச்ச வெள்ளைச் சீலை சிவந்து போச்சு. வேற துண்டு வெட்ட நீ எங்க இரிக்காய்?

கடைசியா, சிவப்பெல்லாத்துக்கும் தண்ணியே காட்டாம வெறும் சூடு. மத்ததுக்குப் போத்தல், அதுவும் பனி விழுந்த அளவு. ஸ்டீமுக்குத் துணிச்சல் வரல்ல. இது யோசிச்சுச் செஞ்சதில்ல மச்சான், பயத்துல செஞ்சது.

இண்டைக்கு உன்ட மகள் ஒவ்வொண்டாத் தூக்கிப் பாத்திச்சு. "வடிவா வந்திரிக்கி மாமா" எண்டிச்சு.

"அந்த நீலத்துண்டப் பார் புள்ள, கட்டையாக் கிடக்கு" எண்டன்.

"அதுக்கென்ன மாமா, ஓரத்துல வெச்சுத் தைச்சாத் தெரியாது."

பிழைய நானே காட்டிக் குடுத்தும் அதுக்கு ஏசத் தெரியல்ல. நீயெண்டா அத மூக்குக்கு முன்னால ஆட்டி ஆட்டி மானத்த வாங்கியிருப்பாய். நானும் உன்ட கத்தரிதான் கோணல் எண்டு சண்டைக்கு வந்திருப்பன். இப்ப எல்லாரும் நல்லம் எண்டுதான் சொல்லுறாங்க. அத நம்பி நான் என்ன செய்யிற?

உன்ட பேரப்புள்ள அந்தப் போர்வையிலதான் படுக்கப் போகுது. உன்கிட்ட இருந்து எனக்குக் கிடைச்சதச் சொல்லட்டா? இப்பவும் சீலையில இருந்து அயன எடுத்தவுடன என்ட கை மேலேயே கொஞ்சம் நிக்கிது, நீ ஏசி முடியட்டும் எண்டு.