நான் தட்டியெறிந்த காளான்

சிங்காநல்லூர்,
சனிக்கிழமை

அன்பு மகள் ஹாரிகாவுக்கு அப்பா எழுதுவது. எடின்பரோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதிவிடலாம், அம்மாவின் முழங்கால் வலியை விட்டால் உடம்பளவில் சௌக்கியம்தான், மனசுதான் நன்றாக இல்லை அம்மணி. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குரூப்பில் போய் விழும், போன தீபாவளிக்கு என் சர்க்கரை ரிப்போர்ட் அப்படித்தான் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் காகிதம்.

நம் பல்லடம் தோப்பில் தென்னைக்கு நோய் வந்திருக்கிறது. உன் சித்தப்பா சுந்தரராஜுலுவின் பாதியில் ஒன்பது மரங்கள் அடிமட்டை தொங்கி, தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிய நிற்கின்றன. வேளாண்மை அலுவலர் ரம்ஷா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வந்து பார்த்துவிட்டு இது கானோடெர்மா என்கிற பூஞ்சை, மரக்கட்டைக்குள்ளேயே குடியிருந்து அதையே தின்னும், மண் வழியாகவும் பாய்கிற தண்ணீர் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும், தூரில் காளான் வெளியே தெரிந்துவிட்டால் அந்த மரம் பிழைக்காது என்று சொன்னதாம். நாலு வருடத்துக்கு முன்பு சித்தப்பா ஒரு கிழட்டு மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டிருந்தான், அதிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். போன வாரம் பஸ் ஏறி இங்கே வந்தான். சோபாவில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே, 'என்ற சோம்பேறித்தனத்துனால வந்த வெனைங்கண்ணா, இனி உங்க மரத்துக்கும் வந்துபோடும்னு பயமா இருக்குதுங்க, எல்லையில இருக்கற என்ற ரெண்டு வரிசையும் நானே சாச்சுப்போடறனுங்க' என்று கண் கலங்கினான். இருபத்திரண்டு மரம், எல்லாம் நன்றாகக் காய்க்கிற மரம். எனக்குப் பென்ஷன் இருக்கிறது, இந்த வீடு இருக்கிறது, அவனுக்கு அந்தத் தோப்பை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. நான் பெரிய மனுஷனாட்டம் அவன் தோளைத் தட்டி, விடப்பா, வேணும்னேவா செஞ்ச என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன். அந்தக் காப்பியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவனுடைய கட்டையிலிருந்து வரவில்லை கண்ணு, என் மரத்திலிருந்துதான் போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில், கிணற்றை ஒட்டி நிற்கிற நம் மூன்றாவது மரத்தின் தூரில் அரைத்தட்டு அளவுக்கு ஒரு காளான் ஒட்டியிருந்தது, வார்னிஷ் அடித்ததுபோல் பளபளவென்று பழுப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. அரிவாளைத் திருப்பி அதைத் தட்டி வாய்க்காலில் எறிந்தேன். அந்த வாய்க்கால் நம் மரங்களுக்கெல்லாம் பாய்ந்துவிட்டுத்தான் அவன் தோப்புக்குள் போகிறது என்று எனக்குத் தெரியாதா? அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவன் வாய்க்கால் பாய்ச்சல் வேண்டாம், சொட்டுநீர் போட்டுக்கொள்ளலாம், ஒரு மரத்துத் தண்ணீர் இன்னொரு மரத்துக்குப் போகாது என்று கேட்டிருந்தான். அப்பா வெட்டின வாய்க்காலை மூட நீ யாரடா என்று பங்காளிகள் முன்னால் அவன் வாயை அடைத்து உட்கார வைத்துவிட்டேன். நோயைச் சொன்னால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை. பிறகு இரண்டு மரம் பட்டுப்போனபோது இடி விழுந்துவிட்டது என்று சொல்லி ஆள் வைத்து அறுத்துவிட்டேன். இடி விழுந்தால் கொண்டை கருகும் என்று தெரிந்தவன்தான் அவன், அண்ணன் சொன்னதற்குமேல் என்ன கேட்பது என்று விட்டுவிட்டான். அதற்கப்புறமும் இந்த வருடம் வரைக்கும் அதே தண்ணீரை அவனுக்குப் பாய்ச்சியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் மரம் அறுக்க ஆட்கள் வருகிறார்கள். இந்த வாரத்தில் மூன்று தடவை அவனுக்குப் போன் போட்டேன், மூன்று தடவையும் அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நாளைக்கு நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன். உன் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ஆபீசில் உன் கையால் ஏதாவது தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு சாமி, ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் மறுநாள் அதைச் சொல்வது அதைவிடக் கஷ்டம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மறக்காதே, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. பெருமாள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வரதராஜுலு

பின்குறிப்பு, புதன்கிழமை: தபாலில் போடாமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் திட்டவில்லை, ஆட்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான், அப்புறம் வெளியே வரவில்லை. இன்றைக்கு மறுபடி போனேன். அந்த அலுவலர் சொன்னபடி, நம் பக்கத்து நோய் தாண்டி வராமல் இருக்க, எல்லை நெடுகத் தன்னந்தனியாக மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான், வாய்க்கால் குறுக்கே அறுந்து கிடந்தது. நானும் நம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். அவன் நிமிர்ந்து பார்த்து, 'வேண்டாமுங்க, உங்க மம்முட்டியில அந்த மண்ணு இருக்குமுங்க, நீங்க அந்தப் பக்கமே நில்லுங்க' என்றான். அவன் வெட்டி முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.