அமைதியான ஐசியு

7 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஒக்கலிபுரம் பாலத்தடியில் தண்ணீர். ஆட்டோக்காரர் வர மறுத்தார். நடந்து போய் பஸ். வாங்க வேண்டியவை: ரவை, கறிவேப்பிலை.

ஐசியு வாசலில் புதுப் பலகை: 'அமைதியே எங்கள் சிகிச்சை'. பெரிய இடத்து நோயாளி ஒருவரின் மருமகனுக்கு மானிட்டர் சத்தத்தில் தலைவலி. அதனால் அட்மின் சார் எல்லாக் கருவிகளின் எச்சரிக்கை ஒலியையும் குறைக்கச் சொன்னார். குறைத்தும் கேட்டது. ஸ்பீக்கர் மேல் டேப் ஒட்டச் சொன்னார். எழுத்தில் இல்லை, வாயால். ஒட்டினோம்.

போன வெள்ளியன்று ஐந்தாம் படுக்கைப் பெரியவருக்கு வென்டிலேட்டர் குழாய் கழன்றது. கருவிகள் கத்தின, டேப்புக்குள். டியூட்டி நர்ஸ் செல்வி அப்போது இரண்டாம் படுக்கையில் சளி எடுத்துக்கொண்டிருந்தாள். அறை முழுவதற்கும் அவள் ஒருத்தி. பெரியவர் அமைதியாகப் போனார். பலகை பொய் சொல்லவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

வெயில். அட்மின் சார் அறைக்கு அழைத்துக் காபி கொடுத்தார்.

"செல்வி டியூட்டில தூங்கிட்டான்னு ஒரு ஸ்டேட்மென்ட். நீங்க இன்சார்ஜ், சைன் போடணும் சிஸ்டர்."

"அவ தூங்கல சார்."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். அன்னிக்கு சாயங்காலம் போட்டா போதும்."

இரக்கமுள்ளவர். அவசரப்படுத்தவில்லை.

லிஃப்ட் அருகில் செல்வி. சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், கண் வீங்கியிருந்தது.

"நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போயிடுமாக்கா?"

"போகாது." எதை நம்பிச் சொன்னேன், தெரியவில்லை.

ஐந்தாம் படுக்கையில் புது ஆள், சின்ன வயசு. டேப்பைப் பிரித்தேன். சாப்பிட்டு வருவதற்குள் திரும்ப ஒட்டியிருந்தது.

9 ஜூலை, புதன்

குடையை ரிப்பேர் செய்து வாங்கினேன். ரவை மறந்தேன்.

வீட்டுக்காரர்: "உனக்கு எதுக்குடி வம்பு? பேர் போடாம ஒரு மனு தட்டி விடு." பேர் போடாத மனு ஊர் சுற்றிவிட்டு, தக்க நடவடிக்கைக்காக என்று அட்மின் மேசைக்கே வரும். முன்பும் வந்திருக்கிறது.

மதியம் நாளைய இன்ஸ்பெக்ஷனுக்கு ஒத்திகை. "ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?" "ரெண்டு சார்." "சிரிச்சிட்டே சொல்லுங்க." சிரித்துக்கொண்டே சொன்னோம்.

ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று தரும் குழு ஐசியுவுக்கு வருவது ஷிப்ட் மாறும் நேரத்தில். அட்மின் சாரின் ஏற்பாடு. காலை ஆட்களும் மதிய ஆட்களும் ஒன்றாக நிற்போம், தலை எண்ணினால் இரட்டிப்பு. நல்ல மூளை. அந்த நேரத்தில் நர்ஸுகள் என்ன செய்வார்கள் என்று மட்டும் அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

தூக்கம் இல்லை.

10 ஜூலை, வியாழன்

மேகமூட்டம்.

காலையிலேயே டேப்பெல்லாம் காணோம். ஒலி மட்டும் குறைத்தபடியே. குழுவில் நரைத்த தலை டாக்டரம்மா ஒருவர். அட்மின் சார் பின்னால், புது டையுடன்.

ஷிப்ட் மாறினால் படுக்கை படுக்கையாக நின்று, வருகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்தவள் கையில் உயிர் போகும். மதிய நர்ஸிடம் வழக்கமாகத் தமிழில் சொல்வேன். இன்று கன்னடத்தில் சொன்னேன், குழுவில் எல்லோருக்கும் புரியட்டும் என்று.

ஒன்று முதல் நான்கு வரை மருந்து, காய்ச்சல், சிறுநீர். பிறகு ஐந்து: "வென்டிலேட்டரில் இருக்கிறார். போன வெள்ளி இதே படுக்கையில் குழாய் கழன்று ஒருவர் இறந்தார். ஸ்பீக்கரில் டேப் இருந்தது. அட்மின் சார் சொன்னார், நாங்கள் ஒட்டினோம். செல்வி தூங்கவில்லை, தனியாக இருந்தாள். ஒலி இப்போதும் குறைவு. கூட்டி வை. நாங்கள் போனதும் நீயும் தனிதான்."

"சிஸ்டர் கொஞ்சம் டயர்டா இருக்காங்க," என்றார் அட்மின் சார், சிரித்துக்கொண்டே. அவருக்கும் ஒத்திகை நடந்திருக்கும்.

டாக்டரம்மா ஸ்பீக்கரில் விரலை வைத்தார். டேப்பின் பசை ஒட்டியது. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சைன் கேட்டு யாரும் வரவில்லை.

11 ஜூலை, வெள்ளி

மழை. கேட்டில் கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு. செக்யூரிட்டி கௌடர் என் முகத்தைப் பார்க்கவில்லை: "மேலேந்து போன் வந்திச்சு மேடம். நான் ஏனு மாடலி, என்ன செய்ய?"

குடையோடு எதிர்ப்பக்கம் நின்றேன். செல்வியின் அழைப்பு. ஆள் இல்லாததால் அவளையே ஐசியுவில் போட்டிருக்கிறார்களாம்.

"அக்கா, சவுண்டு ஃபுல்லா வெச்சிட்டாங்க. கேளுங்களேன்." போனைத் தூக்கிப் பிடித்தாள். அறையே கத்தியது.

"எந்த பெட்டு?"

"அஞ்சுக்கா."

"போனை வைடி. ஓடிப் போய்ப் பாரு."