நீரா, நீராவியா என்று கேட்ட நாள்

உன் அலமாரியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: உன் அண்ணா, உன் அகத்துக்காரர், பிளஸ் ஒன் படிக்கிற உன் பெண், உன் மன்னியான நான். துக்கம் கழிக்கும் பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. உன் பெண் உன் பழைய கெமிஸ்ட்ரி புத்தகத்தை உருவினாள். உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுத, நான் பூர்த்தி செய்து உன்னிடம் கொடுத்த விண்ணப்பம். என் கையெழுத்து, என் போட்டோ. பதினெட்டு வருஷமாக அது போய்ச் சேர்ந்ததாகவே நம்பியிருந்தேன்.

"அவ போய் பதிமூணு நாள்தான் ஆறது. ஒரு பழைய பேப்பருக்கு மூஞ்சியைத் தூக்கிண்டு நிக்கறயே" என்றார் உன் அண்ணா. நான் தாளை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். நீ பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, நம் வலியசாலை வீட்டு முன்னறையில் பத்தாவது முடித்த ப்ரீடிகிரி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாய். "எனக்குக் கூட்டல் கழித்தல் உதைக்கும் மன்னி, நீங்க போட்டு வையுங்கோ" என்று முந்தின நாளே கணக்குகளைத் தருவாய். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டே கற்றுக்கொண்டேன். ஒரு பொருள் தன் மூலகங்களிலிருந்து உண்டாகும்போது எவ்வளவு வெப்பம் என்று அட்டவணை சொல்லும். விளைந்தவற்றின் வெப்பத்தைக் கூட்டி, வினைபட்டவற்றின் வெப்பத்தை அதிலிருந்து கழித்தால் போதும். எதையும் எரித்துப் பார்க்க வேண்டாம். "ஆக்சிஜனே மூலகம், அதனால அதுக்கு பூஜ்யம். நம்மாத்து மாட்டுப்பொண்ணுக்கும் பூஜ்யம்" என்பாய். நான்தான் உரக்கச் சிரிப்பேன்.

ஒருநாள் ஒரு பெண் மீதேன் எரியும் கணக்கைக் கேட்டாள். நான் முன்கூட்டிப் போட்டு வைக்காதது. நீ போர்டில் போட, மைனஸ் எண்ணூற்று மூன்று வந்தது. புத்தகத்திலோ மைனஸ் எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்று. "புக்குல தெற்றாக்கும், தப்பா அச்சடிச்சிருக்கா" என்றாய்.

இட்லிப் பானையைத் திறந்து, ஆவி அடித்த கையை உதறிக்கொண்டே கதவருகே வந்தேன். "அது நீரா, நீராவியாடி? இருபத்தஞ்சு டிகிரில தண்ணியாத்தானே இருக்கும்? நீ ஆவிக்கு உள்ளதைன்னா எடுத்திருக்கே." ஆவி தண்ணீராகும்போது விடுகிற சூடு மோலுக்கு நாற்பத்து நான்கு கிலோஜூல். இரண்டு மோல் நீருக்கு எண்பத்தெட்டு. குறைந்தது சரியாக அவ்வளவுதான்.

"மிஸ்ஸே, இனி மாமி கிளாஸ் எடுத்தா மதி, அது போதும்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சாக்பீஸைக் கீழே வைத்தாய்.

அவர்கள் போனதும், "இனிமே கிளாஸ் நடக்கறச்சே உள்ளேயே இருங்கோ மன்னி" என்றாய். "விடை சரியாச்சோல்லியோ?" என்றேன் நான். அடுத்த வாரம்தான் விண்ணப்பத்தை உன் கையில் தந்தேன். சாயங்காலம் வந்து, என் முகத்தைப் பார்த்தே சொன்னாய்: "கொடுத்தாச்சு மன்னி."

ஹால் டிக்கெட் வரவில்லை. "ஆபீஸ்ல எங்கேயோ தொலைச்சிருப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். அடுத்த வருஷம் உன் அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பகவானுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டேன். நீ செய்ததை அவர் தலையில் போட்டுவிட்டு, அவருக்கே தினமும் விளக்கும் ஏற்றினேன்.

அன்று உன் தப்பை நான் ஐந்து நிமிஷம் பொறுத்து, தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். ஒப்புக்கொள்கிறேன். நீ என்னைத் திட்டியிருக்கலாமே. அந்தத் தாளைக் கிழித்தாவது போட்டிருக்கலாம். ஏன் பத்திரமாக வைத்தாய்?

உன் பெண் இப்போது ஞாயிறுதோறும் இதே கணக்குகளோடு என்னிடம் வருகிறாள். நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் எழுது என்கிறேன். "அம்மா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவா மாமி" என்றாள் போன வாரம். என்ன சொல்வாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் இரண்டாம் மாசிகத் திதிக்குச் சமையல் ஒத்தாசைக்கு வரும்படி உன் அகத்துக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். இதை மனசில் வைத்துக்கொண்டு உனக்கு அரிசி களைய என்னால் ஆகாது. கொடுக்க மறந்து போனாயா, வேண்டுமென்றே செய்தாயா? கனவில் வந்து சொன்னாலும் சரி. மாசிகத்துக்குள் பதில் சொல்.