வேண்டாம் என்றவனுக்கு ஊற்றிய சர்பத்

அன்புள்ள அமீன் மச்சான்,

மண்ணுக்குள் இருப்பவருக்கும் ஸலாம் சொல்லலாம் என்கிறார்கள். அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வராதவரிடம் பேசுவது என்னைப் போன்ற வாயாடிக்கு வசதி. இன்று மட்டும் பதில் வந்தால் தேவலை.

நீ போய் ஒரு நோன்பு மாதம் கழிந்துவிட்டது. உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, நலம். என் தொப்பையும் நலம். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அதோடு விடாமல் ஓடவும் செய்கிற டிரையத்லானில், துபாயில் வரிசையாகக் கோப்பை வாங்கியவன் நீ. கீழக்கரையில் அதை யார் நம்பினார்கள்? "துபாய்க்காரரு டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடுறாரு, வேலை போயிருச்சு போல" என்று கிளப்பிவிட்டதே நான்தான்.

உன் வாப்பாவுக்கும் அந்த டவுசர் அவமானம். ஆனாலும் நம் கடற்கரையில் போட்டி நடந்த அன்று, ஓட்டம் முடிகிற இடத்தில் சால்வையோடு வந்து உட்கார்ந்தாரே. அவர் கண்முன் ஜெயிக்கத்தானே நீ லீவு போட்டு வந்தாய்?

ஏர்வாடி விலக்கு தாண்டி நீ தனியாக ஓடி வந்தாய். பைக்கில் நன்னாரி சர்பத்தோடு நான் வந்தேன். கையை ஆட்டி வேண்டாம் என்றாய். நம் ஊர் விருந்தில் வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி வை என்றுதானே அர்த்தம்? "கூச்சப்படாதே மச்சான், குடி" என்று டம்ளரை உன் வாயில் வைத்து அழுத்தினேன். வெளியாள் உதவினால் ஆட்டத்தை விட்டு நீக்கிவிடுவார்கள் என்பது, விசில் ஊதியவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வாப்பாவிடம் நீ சொன்னது ஒரே சொல்: "தோத்துட்டேன்." என் பெயரை ஏன் சொல்லவில்லை?

போன வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே வந்தால், வாப்பா அத்தனை பேருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் கேள்விப்பட்டேன். அன்னிக்கி எல்லாரும் வேடிக்கை பாத்தானுவ. எம்மவனுக்குத் தண்ணி கொடுத்தது இந்த மருமவன்தான். நல்லா இருப்பே."

பூமி பிளக்காதா என்றிருந்தது. "மாமா, அதனாலதான் அவனை வெளியேத்துனாங்க. அதுவரைக்கும் அவன்தான் முதல்ல வந்தான்."

"தாகத்துக்குக் குடிச்சா தப்பா? அது என்னலே ஆட்டம்" என்றார். பிடித்த கையை விடாமல், "முதல்லயா வந்தான்?"

"ஆமா மாமா."

"பக்கத்துல எவனும் வந்தானா?"

"கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ஆளில்லை மாமா."

"முழுசாச் சொல்லு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறாவது தின்றிருப்பேன்.

இந்த வெள்ளியும் கேட்பார். சொல்வேன். உப்பு காரம் சேர்க்காமல் நான் எதையும் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். இதை மட்டும், அவர் எத்தனை வெள்ளி கேட்டாலும், நடந்தது நடந்தபடியே சொல்வேன் மச்சான். நீ ஓடிய ஓட்டத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனாகிப்போன பாவத்துக்கு நீ சுமந்த,
உன் மச்சான்