அல்சருக்குப் பாற்கஞ்சி

செவ்வாய்க்கிழமை. கதிர்வீச்சுச் சிகிச்சையின் பதினேழாம் நாள்.

சர்ச்சிலிருந்து மேரி அக்கா பாற்கஞ்சி கொண்டுவந்தார். "அல்சருக்குப் பால் நல்லம், பிள்ளை."

எனக்கு அல்சர் என்று இந்த ஒனிஹங்கா ஊர்த் தமிழரிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பவர் என் கணவர். கதிர்வீச்சும் கீமோவும் தொடங்கியதிலிருந்து பால் குடித்தாலே எனக்கு வயிற்றால் போகிறது. அது தெரிந்தும், "ஒரு வாய் குடியுமப்பா, அக்கான்ர மனம் நோகும்" என்றார். குடித்தேன். மாலை முழுக்கக் கழிவறைதான். கதவுக்கு வெளியே நின்று, "உண்மையைச் சொன்னா சனம் என்ன கதைக்கும்?" என்கிறார்.

ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்குமுன், எதற்குச் சிகிச்சை என்று தினமும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் கூசாமல் சொல்கிறேன். தமிழில் இன்னும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இங்கே எழுதிப் பழகுகிறேன்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

நாளை அக்காவின் பாத்திரத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். வெறுமையாய்க் கொடுக்க மாட்டேன்; எழுதிப் பழகிய அந்த மூன்று சொல்லோடு கொடுப்பேன்.