பலகையில் ஏறிய பழைய பெயர்

14 அக்டோபர் 1942, புதன்

கூடைப்பந்து அணியின் புதுப் பட்டியலைக் காலையில் நான்தான் எழுதி ஒட்டினேன். கேப்டனுடைய வேலை அது. போன வருடத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பழைய ஐவரில் இருவர் படிப்பு முடித்துவிட்டார்கள், ஒருவன் பட்டாளத்தில். அவர்களை நீக்கினேன். மறியலுக்குப் போய் ஆகஸ்டிலிருந்து ஜெயிலில் இருக்கும் சேவியரை மட்டும் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். முட்டாள்.

மதியம் பலகை முன்னால் ஒரே கூட்டம். "மாப்ள, இம்புட்டுத் துணிச்சலா ஒனக்கு!" என்று காசிம் தோளில் தட்டினான். பிரின்சிபாலும் வேண்டுமென்றே எழுதியதாக நினைத்துவிட்டார். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

கைப்பிசகு என்று சொன்னால் தப்பிக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அப்புறம் அத்தனை பேர் பார்க்க, சேவியரின் பெயரை நானே அடிக்க வேண்டும்.